மொட்டைத் தலை ஷூ ஜெங்கும் அவருடைய பக்கத்து சீட்டும்

சீன சினிமா என்றதும் நம் ஆட்களுக்கு நினைவுக்கு வருவது ஜாக்கி சான், ஜெட் லீ, அதைத் தாண்டினால் ஸ்டீஃபன் சௌ. எல்லாருமே உதை, குத்து வழியாக நம் டிவிக்குள் வந்தவர்கள். அதே சினிமாவில் சண்டையே போடத் தெரியாத ஒருவர் இருக்கிறார். மொட்டைத் தலை, லேசான தொப்பை, கடன் கொடுத்து ஏமாந்தவர் மாதிரி எந்நேரமும் கடுகடுத்த முகம். இவர் காமெடி நடிகராக இருந்து இயக்குநரானார், முழு நீளப் படமாக எடுத்த முதல் படத்திலேயே சீனாவின் வசூல் சாதனைகளைத் தூக்கிச் சாப்பிட்டார். பெயர் ஷூ ஜெங். இவர் படங்களைத் தேடிப் பிடித்துப் பார்ப்பவன் என்ற முறையில் என் கட்சி இதுதான்: ஒரு ஷூ ஜெங் படம் தேறுமா தேறாதா என்பதை, கதையில் அவருக்குப் பக்கத்தில் யார் உட்கார்ந்திருக்கிறார் என்பதை வைத்தே சொல்லிவிடலாம்.

1972-ல் ஷாங்காயில் பிறந்தவர். ஷாங்காய் தியேட்டர் அகாடமியில் படித்து 1994-ல் வெளியே வந்தார். கொஞ்ச காலம் மேடை நாடகம். ஊர் முழுக்க அவரைத் தெரிந்துகொண்டது 2000-ல் வந்த ஒரு டிவி தொடரில். 'மேற்கு நோக்கிய பயணம்' என்ற பழைய சீனக் காவியத்தில் வரும் பன்றிமுகப் பாத்திரம் ஜூ பாஜியே, சாப்பாட்டு ராமன், சபலக்காரன். அவனைக் காதல் நாயகனாக மாற்றிய தொடர் அது. அதில் ஜோடியாக நடித்த தாவ் ஹோங்கையே பின்னால் கல்யாணம் செய்துகொண்டார். பன்றி வேஷத்தில் பெண் ரசிகர்களைச் சம்பாதிப்பது சாதாரண விஷயமா என்ன?

சினிமாவில் திருப்பம் 2006. நிங் ஹாவ் என்ற இளம் இயக்குநர், ஹாங்காங் நட்சத்திரம் ஆண்டி லாவ் கொடுத்த சின்ன பட்ஜெட்டில், சோங்ச்சிங் நகரத்தில் 'கிரேசி ஸ்டோன்' எடுத்தார். ஒரு பச்சைக்கல்லை ஆளாளுக்குத் திருடப் பார்க்கிற கதை. ஷூ ஜெங்குக்கு அதில் ரியல் எஸ்டேட் முதலாளி வேடம். நல்ல சட்டை, கெட்ட புத்தி. பணம் இருக்கிறது, நிம்மதி இல்லை, எதிரே நிற்பவனைப் புழுவாகப் பார்க்கும் பார்வை. அன்றைக்குப் போட்ட அந்தச் சட்டையை அவர் இன்றுவரை முழுசாகக் கழற்றவில்லை. அதே நிங் ஹாவ் இயக்கத்தில் பாலைவனத்தில் மாட்டிக்கொள்ளும் வக்கீலாக 'நோ மேன்ஸ் லேண்ட்' நடித்தார். 2009-ல் எடுத்த படம், தணிக்கையில் சிக்கி 2013 கடைசியில்தான் தியேட்டருக்கு வந்தது.

இனி விஷயத்துக்கு வருகிறேன். 2010-ல் 'லாஸ்ட் ஆன் ஜர்னி'. இயக்கியது ரேமண்ட் யிப், ஷூ ஜெங் நடிகர் மட்டும்தான். சீனப் புத்தாண்டுக் கூட்டத்தில் எப்படியாவது சாங்ஷாவுக்குப் போய்ச் சேர வேண்டிய ஒரு பொம்மைக் கம்பெனி முதலாளி. அவர் தலையில் வந்து விழுகிறான் மாட்டுப் பண்ணையில் பால் கறக்கும் ஒருவன். அந்த வேடத்தில் வாங் பாவ்ச்சியாங். நிஜத்திலேயே ஹெபெய் கிராமத்துப் பையன், பீஜிங் ஸ்டுடியோ வாசலில் துணை நடிகர் வேலைக்குக் காத்துக் கிடந்து மேலே வந்தவர். விமான நிலையச் சோதனையில் அவன் கொண்டுவந்த பெரிய கேன் பாலை உள்ளே விட மாட்டோம் என்கிறார்கள். வீணாக்குவானா? அங்கேயே நின்று மொத்தத்தையும் மடக் மடக்கென்று குடித்து முடிக்கிறான். முதல் முறை விமானம் ஏறுபவன் வேறு. சிரிப்பெல்லாம் அவனுக்குத்தான் போகும். ஆனால் தியேட்டரில் டிக்கெட் வாங்கி உட்கார்ந்திருக்கும் நகரத்து மனிதன் தன்னைப் பார்த்துக்கொள்வது ஷூ ஜெங்கில். 'இவன் கூடவா நான் போகணும்' என்கிற அந்த அருவருப்பும், அது மெல்லக் கரைவதும்தான் படம்.

இந்தச் சூத்திரத்தை எடுத்துக்கொண்டு, தானே இயக்கி, 2012 டிசம்பரில் 'லாஸ்ட் இன் தாய்லாந்து' கொண்டுவந்தார். எரிபொருள் சம்பந்தமான ஒரு கண்டுபிடிப்பு, அதற்குக் கையெழுத்துப் போட வேண்டிய பங்குதாரர் தாய்லாந்தில் ஏதோ ஒரு கோயிலில் இருக்கிறார், அவரைத் தேடி ஓடும் விஞ்ஞானி ஷூ ஜெங். துரத்தி வரும் போட்டியாளர் ஹுவாங் போ. விமானத்தில் பக்கத்து சீட்டில் மறுபடி வாங் பாவ்ச்சியாங், இம்முறை வெங்காயத்தாள் ரொட்டி சுடுபவன். கையில் ஒரு கள்ளிச்செடி. அம்மாவுக்கு உடம்பு சரியில்லை, அந்தச் செடியைக் கொண்டுபோய்த் தாய்லாந்தில் நட்டால் குணமாகும் என்று நம்பிக்கை. நடிகை ஃபான் பிங்பிங் தன் காதலி என்று எல்லாரிடமும் அளக்கிறான். கேட்கும்போது சிரிப்போம், அப்புறம் ஒரு கட்டத்தில் இவன் ஏன் இதையெல்லாம் சொல்கிறான் என்று புரியும்போது சிரித்ததற்குச் சங்கடப்படுவோம். அந்தச் சங்கடத்தை வரவழைக்கத் தெரிந்தவர் நல்ல இயக்குநர், எனக்கு அதில் சந்தேகமே இல்லை.

செலவு சுமார் 3 கோடி யுவான். வசூல் 126 கோடி யுவான். சீனப் படம் ஒன்று 100 கோடி யுவானைத் தாண்டியது அதுதான் முதல் முறை. இரண்டு வாரம் முன்னால் வந்திருந்தது பெரிய இயக்குநர் ஃபெங் ஷியாவ்காங்கின் பிரம்மாண்டமான பஞ்சப் படம். அதை இந்த ரொட்டிக் கடைக்காரன் ஓரங்கட்டினான். தாய்லாந்துக்கு 2012-ல் சுமார் 28 லட்சம் சீனர்கள் போனார்கள், அடுத்த ஆண்டு 46 லட்சம். எல்லாப் பெருமையும் படத்துக்கே என்று சொல்ல மாட்டேன், சீனாவில் கையில் காசு புழங்க ஆரம்பித்த காலம் அது. ஆனாலும் சியாங் மாய் தெருக்களில் சீனக் கூட்டம் நிரம்பியதற்கு அந்தப் படம் ஒரு காரணம் என்பதை யாரும் மறுக்கவில்லை. அப்போதைய தாய்லாந்துப் பிரதமர் யிங்லக் ஷினவத்ராவே ஷூ ஜெங்கைச் சந்தித்தார்.

காசு வந்தால் வழக்கும் வரும். முந்தைய படத்தின் தயாரிப்பாளர்கள், எங்கள் படத்தின் பேரை வைத்துக் காசு பார்த்துவிட்டார்கள் என்று கோர்ட்டுக்குப் போனார்கள், 50 லட்சம் யுவான் நஷ்டஈடு தரச் சொல்லித் தீர்ப்பும் வந்தது. 126 கோடிக்கு முன் அது டீ செலவு.

2015-ல் 'லாஸ்ட் இன் ஹாங்காங்'. வசூல் இன்னும் அதிகம், சுமார் 160 கோடி யுவான். எனக்குப் படம் ஒட்டவில்லை. பழைய ஹாங்காங் படங்கள், கான்டனீஸ் பாட்டுகள் மீது அவருக்கிருக்கும் காதல் ஒவ்வொரு ஃபிரேமிலும் தெரிகிறது, அது அழகு. ஆனால் பக்கத்து சீட்டில் வாங் பாவ்ச்சியாங் இல்லை. கேமராவைத் தூக்கிக்கொண்டு பின்னாலேயே வரும் மச்சினன்தான் இருக்கிறான், அவன் வெறும் தொந்தரவு. கதை முழுக்கப் பழைய காதலியைப் பார்க்க ஏங்கும் நடுத்தர வயது ஆணின் புலம்பல். ஷூ ஜெங் தன்னைத்தானே பார்த்து நெகிழ ஆரம்பித்தது இங்கேதான்.

நடுவில் 2018-ல், நடிகராகவும் தயாரிப்பாளர்களில் ஒருவராகவும் மட்டும் நின்ற 'டையிங் டு சர்வைவ்'. இயக்கியது வென் மூயெ, 1985-ல் பிறந்தவர், முதல் படம். ஷாங்காயில் ஆண்மை கூட்டும் என்று சொல்லி 'இந்திய எண்ணெய்' விற்று வாடகை கட்ட முடியாமல் திணறும் ஒருவனிடம் ரத்தப் புற்றுநோயாளி ஒருவர் வருகிறார். முகத்தில் ஒன்றன்மேல் ஒன்றாக முகமூடி, கையில் ஒரு ஆரஞ்சு. கம்பெனி மருந்து ஒரு பாட்டில் கிட்டத்தட்ட 40,000 யுவான், அதே மருந்து இந்தியாவில் சல்லிசாகக் கிடைக்கிறது, கடத்திக்கொண்டு வா என்கிறார். முதலில் பத்து மடங்கு லாபத்துக்கு விற்கிறவன், கடைசியில் நஷ்டத்துக்குக் கொடுத்து ஜெயிலுக்குப் போகிறான்.

இதற்கு அடிப்படையான நிஜ மனிதர் லூ யோங், அவரே நோயாளி. படத்தில் நாயகனை நோயில்லாத பேராசைக்காரனாக மாற்றினார்கள், அதாவது அச்சு அசலாக ஷூ ஜெங் சட்டைக்குள் கொண்டுவந்தார்கள். ஆனால் பக்கத்து சீட் நிரம்பி வழிகிறது. வாங் சுவான்ஜுன் நடித்த அந்த முகமூடி நோயாளி, ஒரு பாதிரியார், குழந்தைக்காகக் கிளப்பில் ஆடும் ஒரு தாய், பேசாமல் முறைக்கும் மஞ்சள் முடிப் பையன். போலீஸ் அதிகாரியின் கையைப் பிடித்து, மருந்து வாங்கியே வீடு போயிற்று, குடும்பம் போயிற்று, எனக்குச் சாக விருப்பமில்லை என்று சொல்லும் அந்தப் பாட்டி. இவர்களுக்கு வழிவிட்டு ஷூ ஜெங் சும்மா நிற்கிறார், கேட்கிறார். தைவானின் கோல்டன் ஹார்ஸ் சிறந்த நடிகர் விருது அந்தச் சும்மா நின்றதற்குத்தான் என்பேன். வசூல் 300 கோடி யுவானைத் தாண்டியது. புற்றுநோய் மருந்து விலையைச் சீக்கிரம் குறையுங்கள் என்று சொல்லும்போது அப்போதைய சீனப் பிரதமர் லீ கெச்சியாங்கே இந்தப் படத்தைக் குறிப்பிட்டார்.

இந்தக் கதைக்குச் சென்னையோடு ஒரு தொடர்பு உண்டு, நம்மில் பலருக்குத் தெரியாது. நிஜத்தில் அந்த மருந்து நோவார்ட்டிஸ் கம்பெனியின் கிளீவெக். அதற்கு இந்தியாவில் காப்புரிமை கேட்டு விண்ணப்பித்தது சென்னைக் காப்புரிமை அலுவலகத்தில். 2006-ல் அங்கே மறுத்தார்கள். அந்த மறுப்புக்கு அடிப்படையான சட்டப்பிரிவே செல்லாது என்று கம்பெனி போட்ட வழக்கை 2007-ல் சென்னை உயர் நீதிமன்றம் தள்ளுபடி செய்தது. 2013-ல் உச்ச நீதிமன்றமும் காப்புரிமை இல்லை என்று முடித்துவைத்தது. இந்தியக் கம்பெனிகள் அந்த மருந்தை மலிவாகச் செய்து விற்க முடிந்ததற்குப் பின்னால் இருக்கிற சட்டச் சண்டை இது. படத்தில் வருகிற இந்தியாவோ, கொசுமருந்துப் புகைக்கு நடுவே காளி சிலையும் சிவன் சிலையும் ஊர்வலம் போகிற இந்தியா. சரி, விடுங்கள்.

2020 புத்தாண்டுக்கு 'லாஸ்ட் இன் ரஷ்யா'. பீஜிங்கிலிருந்து மாஸ்கோ போகும் ஆறு நாள் ரயில், பக்கத்தில் அம்மா. மகன் ஏதாவது பேச வாயைத் திறந்தால் குட்டித் தக்காளியைத் திணிக்கும் அம்மா. முதல் பாதி பிரமாதம், அப்புறம் பிரசங்கம். ஆனால் படத்தை விடப் பெரிய கதை வெளியே நடந்தது. வூஹானைப் பூட்டிய வாரம் அது, தியேட்டர்கள் மூடுகின்றன. டிக்டாக்கின் சீன வடிவமான டௌயின் செயலியை நடத்தும் பைட்டான்ஸ் நிறுவனம் 63 கோடி யுவான் கொடுக்க, படம் புத்தாண்டு அன்றே செல்போனில் இலவசமாக வந்துவிட்டது. வீட்டுக்குள் அடைபட்டிருந்த ஜனம் வாழ்த்தியது, விளம்பரத்துக்குக் காசு செலவழித்திருந்த தியேட்டர்காரர்கள் கொதித்தார்கள். அவர்கள் கோபம் நியாயம்தான். அந்த நேரத்தில் அந்த முடிவும் புத்திசாலித்தனம்தான். ஷூ ஜெங்குக்குள் ஒரு கெட்டிக்கார வியாபாரி உண்டு, அதை அவர் மறைத்ததும் இல்லை.

அந்த வியாபாரிப் பெயர்தான் 2024 ஆகஸ்டில் 'அப்ஸ்ட்ரீம்' வந்தபோது திருப்பி அடித்தது. 45 வயது சாஃப்ட்வேர் ஆள், வேலை போகிறது, வீட்டுக் கடன், அப்பாவுக்குப் பக்கவாதம், மகளுக்கு சர்வதேசப் பள்ளி. கடைசியில் உணவு டெலிவரி பையை மாட்டிக்கொள்கிறார். படம் வருமுன்பே இணையத்தில் திட்டு: பணக்காரர் ஏழையாக நடித்து, அதை ஏழையிடமே டிக்கெட் போட்டு விற்கிறார். வசூல் 35 கோடி யுவான் அளவில் நின்றுபோனது.

அந்தத் திட்டு தப்பு. 'டையிங் டு சர்வைவ்' படத்திலும் இவர் பணக்காரர்தான், அப்போது யாரும் கேட்கவில்லை. கோளாறு திரைக்கதையில் இருக்கிறது. நேரத்துக்குப் போகாவிட்டால் காசைப் பிடிக்கும் ஆப் ஒன்று இருக்கிறது, ரைடர் சிக்னலைத் தாண்டி ஓடுவதற்கே அதுதான் காரணம். அதைப் படம் கேள்வியே கேட்பதில்லை. ஹீரோ தன் கோடிங் மூளையை வைத்து வழி கண்டுபிடிக்கிறார், கடுமையாக உழைக்கிறார், குடும்பம் அணைத்துக்கொள்கிறது. மற்ற ரைடர்கள் வருகிறார்கள், போகிறார்கள், ஒவ்வொருவருக்கும் ஒரு சோகக்கதை கையில் கொடுக்கப்பட்டிருக்கிறது. ஆனால் பால் கேனோடு நின்றவன் மாதிரி, கள்ளிச்செடியோடு வந்தவன் மாதிரி ஒருத்தரும் மனதில் தங்கவில்லை. ஸ்கூட்டரில் பின் சீட் காலி.

இதனால் அவரைக் கணக்கில் இருந்து எடுத்துவிடலாமா என்றால், கூடாது. 2019-ல் ஏழு இயக்குநர்கள் சேர்ந்து எடுத்த 'மை பீப்பிள், மை கன்ட்ரி' தொகுப்பில் இவருடைய பகுதி ஒன்று உண்டு. 1984 ஆகஸ்ட், லாஸ் ஏஞ்சலிஸ் ஒலிம்பிக்கில் சீனப் பெண்கள் வாலிபால் இறுதிப் போட்டி. ஷாங்காயில் ஒரு குறுகலான சந்து, மொத்த சந்துக்கும் ஒரு டிவி, படம் சரியாக வரவில்லை. ஆன்டெனாவைப் பிடித்துக்கொள்ள மொட்டைமாடிக்கு ஏற்றப்படுகிறான் ஒரு பொடியன். அவனுக்குப் பிடித்த சிறுமி அன்றைக்குத்தான் வெளிநாடு கிளம்புகிறாள். அவளை வழியனுப்ப ஓடுவதா, ஆன்டெனாவைப் பிடிப்பதா? அரசு விழாவுக்காக எடுத்த தேசபக்திப் படம், எனக்கு அதில் பெரிய ஈடுபாடு இல்லை. ஆனால் இந்தப் பகுதியில் விசிறிகளும், ஜன்னலில் தொங்கும் துணியும், கீழே இருந்து 'தெரியுது, அசையாதே' என்று கத்தும் பெரியவர்களுமாக ஒரு தெருவே பேசுகிறது. தன் மொட்டைத் தலையை ஃபிரேமின் நடுவில் வைக்காத ஷூ ஜெங் எவ்வளவு நுணுக்கமானவர் என்பது இதில் தெரியும்.

2021-ல் ஷாவ் யீஹுவெய் என்ற இளம் பெண் இயக்குநரின் முதல் படம், 'மித் ஆஃப் லவ்'. முழுக்க ஷாங்காய் வட்டார மொழி. பெரிய நடிகர் ஒருவர் பின்னால் நிற்காமல் இப்படி ஒரு படத்துக்கு யார் காசு போடுவார்கள்? ஷூ ஜெங் தயாரிப்பில் துணை நின்றார், விவாகரத்தான ஓவிய வாத்தியாராக நடிக்கவும் செய்தார். சமைக்கிறார், பரிமாறுகிறார், மூன்று பெண்கள் மேஜையைச் சுற்றி உட்கார்ந்து பேசும்போது வாயை மூடிக்கொண்டு உட்காருகிறார். தெருவோரம் செருப்புத் தைக்கும் ஒருவர், இது என் காபி நேரம் என்று வேலையை நிறுத்திவிட்டு காபி குடிக்கிற காட்சி ஒன்று வரும். பத்து 'அப்ஸ்ட்ரீம்' சொல்ல முடியாததை அந்த ஆள் ஒரு கோப்பையில் சொல்லிவிட்டுப் போகிறார்.

ஷூ ஜெங்கைப் புதிதாகப் பார்க்கப் போகிறவர்கள் 'டையிங் டு சர்வைவ்' படத்தில் ஆரம்பியுங்கள், அடுத்து தாய்லாந்து. 'மித் ஆஃப் லவ்' நல்ல சப்டைட்டிலோடு எங்காவது கிடைத்தால் கமென்டில் லிங்க் போடுங்கள், என்னிடம் இருப்பது படுமோசமானது.