என் பட்டன்களை எங்கே கொண்டுபோய்ப் போட்டீர்கள்?

திங்கட்கிழமை காலை கம்ப்யூட்டரில் பிளான் வரையும் கேட் (CAD) மென்பொருளைத் திறந்தால், பட்டன்கள் இருக்கும் என் டூல்பாரில் வரிசையாக 34 கேள்விக்குறிகள். சனிக்கிழமை மாலை வரைக்கும் அதே இடத்தில் 34 படங்கள் இருந்தன. இதைச் சரி செய்வதில் இரண்டு நாள் பிழைப்பு போனது. அந்த வயிற்றெரிச்சல் இன்னும் அடங்கவில்லை.

கோத்தகிரியில் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில், மாடியில் ஒரு சின்ன அறை. 19 வருடமாக அங்கே உட்கார்ந்து பிளான் போட்டுக் கொடுக்கிறேன். எங்கள் ஊரில் பிளான் என்றால் முதலில் சரிவுதான். மேல்பக்கம் எவ்வளவு மண்ணை வெட்டுகிறோம், கீழ்ப்பக்கம் எவ்வளவு நிரப்புகிறோம், தடுப்புச் சுவர் எங்கே வருகிறது, மழைத் தண்ணீர் யார் வீட்டுப் பக்கம் இறங்குகிறது, இதெல்லாம் முடிந்த பிறகுதான் ஹாலும் கிச்சனும். 2009 நவம்பர் மழையில் மலை எப்படிச் சரிந்தது என்பதைப் பார்த்தவர்கள் இங்கே இருக்கிறார்கள். சுவருக்குப் பின்னால் தேங்கும் தண்ணீர் வெளியேற வழி இல்லாவிட்டால் மண் ஊறிக் கனத்து, எவ்வளவு தடிமனான சுவரையும் தள்ளிவிடும் என்பது இங்கே சின்னப் பிள்ளைக்குக்கூடத் தெரியும்.

எனக்குத் தொழில் கற்றுக்கொடுத்த சார் இதற்காகவே ஒவ்வொன்றாக லிஸ்ப் என்கிற சின்ன புரோகிராம் எழுதி, பட்டன் செய்து, படமும் தானே வரைந்து வைத்தார். தடுப்புச் சுவரின் வெட்டுத்தோற்றத்துக்கு ஒரு பட்டன், வீப் ஹோல் என்கிற, சுவரில் தண்ணீர் வெளியேற விடும் ஓட்டைகளின் வரிசைக்கு ஒன்று, ஒரே உயரத்தைக் காட்டும் காண்டூர் கோட்டில் மட்டம் எழுத ஒன்று, படிக்கட்டுக்கு ஒன்று. 16க்கு 16 கட்டம், அதற்குள் ஒரு சுவர். பெரிய அளவுக்கு 32க்கு 32. ஒவ்வொரு கட்டமாக நிறம் வைத்து வரைந்த படங்கள் அவை. சார் இப்போது இல்லை. கமாண்ட் பெயர் பாதி எனக்கு ஞாபகம் இல்லை, ஞாபகம் வைக்க வேண்டிய தேவையும் வந்ததில்லை. கண் படத்தைப் பார்க்கும், கை போய் அழுத்தும். தேயிலை பறிக்கிறவர்கள் கொழுந்தை எண்ணியா பறிக்கிறார்கள்?

சனிக்கிழமை நடந்தது இதுதான். பழைய ஹார்டு டிஸ்க் மக்கர் செய்ததால் சர்வீஸ் தம்பியை வரச் சொன்னேன். புது டிஸ்க் போட்டான், விண்டோஸ் போட்டான், கேட் மென்பொருளின் புதுப் பதிப்பையும் போட்டான். "டாக்குமெண்ட்ஸ் எல்லாம் காப்பி எடுத்தாச்சு அக்கா, உங்க டூல்பார் ஃபைலையும் ஏத்திட்டேன்" என்றான். நானும் நம்பி அனுப்பிவிட்டேன். திங்கட்கிழமை போன் செய்தால், "பட்டன் வேலை செய்யுதே அக்கா, படம்தானே போச்சு?" என்கிறான்.

படம்தானே! 34 பட்டனும் ஒரே மாதிரி இருந்தால் எதை அழுத்துவது? ஒவ்வொன்றின் மேலும் மவுஸைக் கொண்டுபோய் நிறுத்தி, பெயர் எழும்பி வரும் வரை காத்திருந்து, இது இல்லை என்று அடுத்ததற்குப் போக வேண்டும். அவசரத்தில் வீப் ஹோல் என்று நினைத்து வேறொன்றை அழுத்தினேன். பிளானில் ஒரு லேயர், அதாவது ஒரு அடுக்கு, மொத்தமும் மறைந்துவிட்டது. அது தெரியாமல் அரை மணி நேரம் வரைந்திருக்கிறேன். தெரிந்தபோது எனக்கு அழுகையே வந்துவிட்டது.

விவரம் தெரிந்தவர்கள் என்று நான் கேட்டவர்களின் பதிலோ அதைவிட மோசம். ஒருவர், ரீசெட் கொடுத்துவிடுங்கள் என்றார். ரீசெட் கொடுத்தால் மென்பொருள் வாங்கின நாளில் இருந்த நிலைக்குப் போகும். நான் செய்து வைத்த அமைப்பெல்லாம் போகும். கால் வலிக்கு வைத்தியம் கேட்டால் காலையே வெட்டச் சொல்வதா? இன்னொருவர், இந்தக் காலத்தில் யார் டூல்பார் வைத்துக்கொள்கிறார்கள், கமாண்டை டைப் செய்யுங்கள் என்றார். என் மேஜையில் எது எங்கே இருக்க வேண்டும் என்று அவர் யார் சொல்ல?

சரி, கடைசியில் நானே தோண்டிக் கண்டுபிடித்ததைச் சொல்கிறேன், இன்னொருவர் இரண்டு நாள் தொலைக்க வேண்டாம். டூல்பார், மெனு விவரம் எல்லாம் சியுஐஎக்ஸ் என்ற ஃபைலில் இருக்கிறது. அந்த ஃபைல் உண்மையில் ஒரு ஜிப் மூட்டைதான். ஒரு பிரதி எடுத்து, கடைசியில் ஜிப் என்று பெயர் மாற்றித் திறந்தால் உள்ளே இருப்பது தெரியும். படத்தை அந்த மூட்டைக்குள்ளேயே வைத்திருந்தால் எந்தக் கம்ப்யூட்டருக்குப் போனாலும் கூடவே வரும். எங்கள் படங்கள் பழைய முறைப்படி தனித்தனி பிஎம்பி ஃபைலாக, பழைய பதிப்பின் ஐகான் ஃபோல்டரில் கிடந்தன. அந்த ஃபோல்டரோ ஆப்டேட்டா என்கிற, சாதாரணமாகக் கண்ணுக்கே தெரியாத இடத்துக்குள் இருக்கிறது. தம்பி அதைக் காப்பி எடுக்கவில்லை. எடுத்திருந்தாலும் பத்தாது, ஏனென்றால் புதுப் பதிப்பு தனக்கென்று வேறொரு ஃபோல்டரில்தான் தேடும்.

என் கோபம் முழுக்கத் தம்பி மேல் இல்லை. சியுஐ என்ற கமாண்டை டைப் செய்து, டூல்பாரை மாற்றியமைக்கிற எடிட்டரைத் திறந்து, ஒரு கேள்விக்குறிப் பட்டனைத் தேர்ந்தெடுத்துப் பாருங்கள். ஓரத்தில் சிறிய படம், பெரிய படம் என்று இரண்டு கட்டங்கள் இருக்கும். அதில் பிஎம்பி ஃபைலின் பெயர் முழுசாக எழுதியிருக்கிறது! அப்படியானால் எந்தப் படம் வேண்டும் என்று மென்பொருளுக்குத் தெரியும். எந்த ஃபோல்டரில் தேடியது என்பதும் தெரியும். கிடைக்கவில்லை என்பதும் தெரியும். தெரிந்துகொண்டே அந்த மூன்றையும் சொல்லாமல் ஒரு கேள்விக்குறியை மட்டும் என் முன்னால் நீட்டுகிறது. "இந்தப் பெயருள்ள படத்தை இந்த ஃபோல்டரில் தேடினேன், இல்லை" என்று ஒரே ஒரு வரி. அதை எழுதுவதில் இவர்களுக்கு என்ன கஷ்டம்? வருடத்துக்கு ஒரு புதுப் பதிப்பு போட நேரம் இருக்கிறது, சந்தா வாங்க நேரம் இருக்கிறது, இந்த ஒரு வரிக்கு நேரமில்லையா?

பழைய டிஸ்கை நல்லவேளை குப்பையில் போடவில்லை. கேபிள் போட்டு மாட்டி, மறைந்த ஃபோல்டர்களைக் காட்டச் சொல்லி, உள்ளே போய் ஐகான் ஃபோல்டரைக் கண்டுபிடித்தேன். அப்புறம் எடிட்டரில் இமேஜ் மேனேஜரைத் திறந்து எல்லாப் படத்தையும் சியுஐஎக்ஸுக்குள்ளேயே இறக்குமதி செய்து சேமித்தேன். மூடித் திறந்தேன். படங்கள் வந்துவிட்டன. மொத்தம் பத்து நிமிட வேலை! இதற்கு முந்தைய இரண்டு நாளை யார் திருப்பித் தருவார்கள்? ஐப்பசி மழைக்கு முன்னால் தடுப்புச் சுவரைக் கட்டி முடிக்க வேண்டும் என்று பக்கத்து ஹட்டியிலிருந்து (படுகர் ஊர்) ஒரு பெரியவர் திங்கள், செவ்வாய் இரண்டு நாளும் பிளானுக்காகப் படியேறி வந்தார். "நாளைக்கு ஆயிடும் ஐயா" என்று இரண்டு தடவை சொல்லி அனுப்பினேன். போன மழையில் அவர் சுவரில் பாதி விழுந்திருக்கிறது. அவரிடம் போய் ஐகான் காணோம் என்று எப்படிச் சொல்வது?

34இல் 33 திரும்பி வந்தன. ஒரு ஃபைல் மட்டும் டிஸ்கின் பழுதான இடத்தில் மாட்டிக்கொண்டு, கடைசி வரை திறக்கவில்லை. அது வீப் ஹோல் பட்டன். சாம்பல் நிறச் சுவர், அதில் மூன்று நீலப் புள்ளி, கீழே இருக்கிற புள்ளியிலிருந்து ஒரு சொட்டு. நேற்று ராத்திரி நானே உட்கார்ந்து 16க்கு 16 கட்டத்தில் வரைந்து வைத்தேன். பட்டன் வேலை செய்கிறது, பெரியவரின் பிளானும் முடிந்தது. ஆனால் சார் போட்ட அந்தச் சொட்டு எனக்கு வரவில்லை. நாலு தடவை அழித்து அழித்துப் போட்டும் வரவில்லை.