பத்து டாலர் என்று காட்டினால் பத்து டாலர் இல்லை

ஹைவ் தளத்தில் எழுதினால் காசு வருமா என்று இன்பாக்ஸில் கேட்கிற தம்பி தங்கைகள் கூடிக்கொண்டே போகிறார்கள். மன்னார்குடி, திருவாரூர், மயிலாடுதுறை என்று பெரும்பாலும் நம்ம பக்கத்துப் பிள்ளைகள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகப் பதில் போட்டு மாளவில்லை, அதனால் இங்கேயே எழுதிவிடுகிறேன். வரும். ஆனால் திரையில் தெரியும் தொகையை நம்பி வீட்டில் யாருக்கும் வாக்குக் கொடுத்துவிடாதீர்கள்.

தெரியாதவர்களுக்காகச் சுருக்கமாக. 2016இல் ஸ்டீமிட் என்று ஒன்று வந்தது. பதிவுக்கு விழும் ஓட்டைப் பொறுத்து, அந்தத் தளத்தின் சொந்தக் கிரிப்டோ நாணயத்தில் பணம். 2020இல் கிரிப்டோ தொழிலதிபர் ஜஸ்டின் சன் அந்த நிறுவனத்தை வாங்கியதும் பெரிய தகராறாகி, ஒரு கூட்டம் பிரிந்து வந்து அதே ஆண்டு மார்ச்சில் ஹைவைத் தொடங்கியது. இங்கே ஆளுக்கு ஒரு ஓட்டு என்ற கணக்கெல்லாம் கிடையாது. ஓட்டுப் போடுகிறவர் எவ்வளவு ஹைவ் பவர், அதாவது தளத்துக்குள்ளேயே முடக்கி வைத்த ஹைவ் நாணயம், வைத்திருக்கிறாரோ அவ்வளவுதான் அவர் ஓட்டுக்கு மதிப்பு. உங்கள் தெருவே புதிதாகக் கணக்குத் தொடங்கி ஓட்டுப் போட்டாலும் சில்லறைகூடத் தேறாது. பெரிய கை ஒன்று வந்து அழுத்தினால் தொகை எகிறிவிடும்.

சரி, அப்படி எகிறி 10 டாலர் என்று காட்டுகிறது என்றே வைத்துக்கொள்வோம். 7 நாள் வரை அது நிலையில்லை. யாராவது டவுன்வோட், அதாவது எதிர் ஓட்டு, போட்டால் சுழியாகக்கூட ஆகிவிடும். 7 நாள் கழிந்ததும் பாதி, அதாவது 5 டாலர், ஓட்டுப் போட்டவர்களுக்குப் போய்விடும். மீதி 5தான் எழுதியவருக்கு. அதிலும் வழக்கமான ஏற்பாட்டில் பாதிதான் ஹெச்பிடி என்ற, டாலர் மதிப்பை ஒட்டி நிற்கிற நாணயமாக வரும். மறுபாதி ஹைவ் பவராக உள்ளேயே தங்கிவிடும். அதை வெளியே எடுக்க 'பவர் டவுன்' போட்டால் வாரத்துக்கு ஒரு தவணையாக 13 வாரம். ஆக, உடனே புழங்கக்கூடியது இரண்டரை டாலர். அதையும் எக்ஸ்சேஞ்சில் விற்று ரூபாயாக்க வேண்டும். கிரிப்டோ விற்ற லாபத்துக்கு 2022 ஏப்ரலிலிருந்து 30 சதவீத வரி. ஒன்றில் வந்த நஷ்டத்தை இன்னொன்றின் லாபத்தில் கழிக்கவும் விடமாட்டார்கள். அந்த ஜூலையிலிருந்து விற்கும்போதே பிடித்துக்கொள்ளும் 1 சதவீத டிடிஎஸ் வேறு.

நம்ம ஊரில் களத்தில் குவிந்து கிடக்கும் நெல்லைப் பார்த்து யாரும் கடன் அடைக்கக் கிளம்புவதில்லை. ஈரப்பதம் 17 சதவீதத்துக்குள் இருக்கிறதா என்று பார்த்து, எடை போட்டு, பணம் வங்கியில் ஏறிய பிறகுதான் பேச்சே. செல்போன் திரை என்றதும் அந்தப் புத்தி எங்கே போய்விடுகிறது என்று தெரியவில்லை.

எனக்கு இதைவிடப் பெரிய குறையாகப் படுவது அந்த 7 நாள்தான். எட்டாம் நாள் ஒருவர் உங்கள் பதிவைப் படித்துக் கொண்டாடி ஓட்டுப் போட்டாலும் உங்களுக்கு ஒன்றும் வராது. நெல்லை ஆனைக்கொம்பன் ஈ தாக்கினால் என்ன செய்வது என்று நீங்கள் எழுதியதை அடுத்த குறுவைக்கும் அதற்கடுத்த சம்பாவுக்கும் ஆட்கள் தேடிப் படிப்பார்கள், ஆனால் அதற்கான கூலி முதல் வாரத்தோடு சரி. அப்படிப்பட்ட விஷயங்களைச் சொந்த வலைப்பூவில் போடுவதே உத்தமம். வலைப்பூவில் விளம்பரம் போட்டுக் காசு தரும் கூகுளின் ஆட்சென்ஸ் 2018இலிருந்து தமிழுக்கும் உண்டு. வருவது கொஞ்சம்தான், ஆனால் பழைய பதிவும் சம்பாதிக்கும்.

அப்புறம் மொழி. பெரிய ஓட்டு வைத்திருப்பவர்களில் தமிழ் வாசிப்பவர்கள் அரிது, அதில் சந்தேகமே வேண்டாம். அதற்காக ஏஐயை வைத்து ஆங்கிலத்தில் 'வெற்றிக்கு ஐந்து வழிகள்' என்று தள்ளிக்கொண்டிருந்தால் ஒருவரும் திரும்பிப் பார்க்கமாட்டார்கள். காப்பி அடித்ததைத் தேடிப் பிடித்து டவுன்வோட் போடுவதற்கென்றே அங்கே ஆட்கள் இருக்கிறார்கள். எனக்குத் தெரிந்த தம்பி ஒருவர் அப்படி எழுதி எழுதிச் சலித்துப்போனார். பிறகு சுவாமிமலையில் ஒரு பட்டறையில் உட்கார்ந்து சிலை வார்ப்பதைப் படமெடுத்துப் போட்டார். தேன்மெழுகும் குங்கிலியமும் கலந்து பிடித்த உருவம், அதன்மேல் காவிரி வண்டல் மண்ணைப் பூசும் விரல்கள், சூட்டில் மெழுகு உருகி வெளியே ஓடிவருவது, கடைசியில் மண் அச்சை உடைப்பது. அச்சு உடைவதால் அதே அச்சில் இன்னொரு சிலை வார்க்க முடியாது என்று தமிழில் நாலு பத்தி, கீழே எளிய ஆங்கிலத்தில் நாலு பத்தி. ஸ்பெயின்காரர் ஒருவர் வந்து மண்ணைப் பற்றியே கேள்விமேல் கேள்வியாகக் கேட்டார். ஓட்டும் நன்றாகவே விழுந்தது. நாச்சியார்கோவில் குத்துவிளக்கு, திருபுவனம் பட்டுத்தறி என்று அடுத்தடுத்துப் போட அவருக்குச் சரக்கு கிடக்கிறது. டெல்டாவில் பிறந்தவனுக்கு எழுத விஷயமில்லை என்றால் நான் நம்பமாட்டேன்.

கடைசியாக, எரிச்சலோடு ஒன்று. 'எழுதிச் சம்பாதிக்கலாம்' என்று ஒரு பயிற்சி மையம் கட்டணம் வாங்கிக்கொண்டு வகுப்பு நடத்துகிறது. பெயர் வேண்டாம். சொல்லிக் கொடுக்கட்டும், கட்டணம் வாங்கட்டும், அது அவர்கள் பிழைப்பு. ஆனால் பிள்ளைகளுக்குக் கணக்கை அவர்களே தொடங்கிக் கொடுத்து, கடவுச்சொல் மாதிரியான சாவிகளையும் அவர்களே வைத்துக்கொள்கிறார்களாம். பதிவு போடவும் ஓட்டுப் போடவும் போஸ்டிங் கீ போதும். பணத்தை நகர்த்துவது ஆக்டிவ் கீ. எல்லாவற்றுக்கும் மேலே மாஸ்டர் பாஸ்வேர்ட். அதை வைத்திருப்பவர்தான் கணக்குக்குச் சொந்தக்காரர். உங்கள் ஆதார் அட்டையைக் காட்டி அழுதாலும் அந்தத் தளத்தில் கேட்பாரில்லை. கணக்குத் தொடங்கக் காசே வேண்டாம், இலவசமாகத் தொடங்கித் தரும் வழிகள் இருக்கின்றன. ஏற்கெனவே அந்த மையம் மூலம் சேர்ந்திருந்தால் முதலில் மாஸ்டர் பாஸ்வேர்டை மாற்றிக் காகிதத்தில் எழுதி வையுங்கள். அதோடு விட்டுவிடாதீர்கள். கணக்கு திருடுபோனால் மீட்டுத் தரும் 'ரெகவரி அக்கவுன்ட்' என்று ஒன்று உண்டு. வழக்கமாக உங்கள் கணக்கை யார் தொடங்கினார்களோ அவர்கள் கணக்கே அந்த இடத்தில் இருக்கும். அதையும் நம்பிக்கையான ஒருவர் பெயருக்கு மாற்றுங்கள். இன்று மாற்றினாலும் நடப்புக்கு வர 30 நாள் ஆகும்.