எத்தனை மணிக்கு முடியும்?

சென்னையில் நாடகம் போடும் நண்பர்களுக்கு ஒரு கோரிக்கை. கொஞ்சம் நீளமாகத்தான் இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

வாரக் கடைசி நெருங்கினால் வாட்ஸ்அப்பில் நாடக அழைப்பிதழ்கள் வந்து விழுகின்றன. நாடகத்தின் பெயர், இயக்குநர் பெயர், குழுவின் முத்திரை. தலைமை தாங்குபவர் படம், முன்னிலை வகிப்பவர் படம், வாழ்த்துரை வழங்குபவர் படம். அதற்குக் கீழே புரவலர்கள் வட்டம் வட்டமாகச் சிரிக்கிறார்கள். ஒரு மூலையில் தேதியும் மாலை 6.30 மணி என்ற வரியும் அரங்கத்தின் பெயரும். அனைவரும் வருக. இத்தனை இருந்தும், போவதா வேண்டாமா என்று முடிவெடுக்க எனக்குத் தேவையான ஒன்று மட்டும் அதில் இருக்காது. நாடகம் எத்தனை மணிக்கு முடியும்?

இதெல்லாம் ஒரு விஷயமா என்று கேட்பீர்கள். கார் வைத்திருப்பவருக்கு விஷயமே இல்லைதான். எட்டரைக்கு விட்டாலும் பத்தரைக்கு விட்டாலும் அவர் ஓட்டிக்கொண்டு வீடு போய்ச் சேர்ந்துவிடுவார். ஊரப்பாக்கத்திலிருந்தும் ஆவடியிலிருந்தும் வருகிறவரின் கணக்கு வேறு. ராத்திரி ஏற ஏற மின்சார ரயில் குறைந்துகொண்டே போகும். இறங்கின பிறகு ஷேர் ஆட்டோ கிடைக்க வேண்டும். ஹாஸ்டலில் இருக்கும் பெண் என்றால் கேட் பூட்டும் நேரம் இருக்கிறது. தனியாக வருகிற பெண்ணுக்கு எட்டே முக்கால் மணிச் சென்னை ஓர் ஊர், பத்தேகால் மணிச் சென்னை வேறு ஊர். பிள்ளையை மாமியாரிடம் விட்டுவிட்டுக் கிளம்புகிற தம்பதியிடம் மாமியார் கேட்கிற முதல் கேள்வி, எப்ப வருவீங்க என்பதுதான். தெரியலையே அத்தை என்று சொல்லிவிட்டு எவரும் செருப்பை மாட்டுவதில்லை. டிவியைப் போட்டுவிடுகிறார்கள்.

இப்படி வராமல் போனவர்கள் யாரும் நம்மிடம் வந்து புகார் சொல்லப் போவதில்லை. அரங்கில் எப்போதும் பார்க்கிற அதே முகங்கள், அதே இருக்கைகள். நாமும் மேடையேறி, இந்தத் தலைமுறைக்கு நாடக ரசனை இல்லை என்று வருத்தப்பட்டுவிட்டு இறங்குகிறோம்.

பெங்களூரு போகும்போதெல்லாம் ஜே.பி. நகரில் இருக்கும் ரங்க சங்கராவில் அன்றைக்கு என்ன என்று பார்ப்பது என் வழக்கம். கன்னட நடிகரும் இயக்குநருமான சங்கர் நாக் 1990இல் கார் விபத்தில் இறந்துபோனார். நகரத்துக்கு நல்ல நாடக அரங்கு ஒன்று வேண்டும் என்பது அவர் கனவு. அவர் மனைவி அருந்ததி நாக் வருஷக்கணக்கில் அலைந்து, பணம் திரட்டி, 2004இல் அதைத் திறந்தார். இருக்கைகள் முன்னூற்றுச் சொச்சம்தான். மேடை பார்வையாளர்களுக்கு நடுவே நீண்டு வரும். திங்கட்கிழமை விடுமுறை, மற்ற நாளெல்லாம் ஒரு நாடகம் என்பது அவர்கள் கொள்கை. இரவுக் காட்சி 7.30க்கு. ஞாயிற்றுக்கிழமை என்றால் பிற்பகல் 3.30க்கும் ஒரு காட்சி உண்டு.

7.30 என்றால் 7.30தான். கதவைச் சாத்திவிட்டால் அவ்வளவுதான், டிக்கெட் கையில் இருந்தாலும் உள்ளே விட மாட்டார்கள். டிராஃபிக் என்பார்கள், மழை என்பார்கள், வெளியூரிலிருந்து வருகிறோம் என்பார்கள். பெங்களூரு டிராஃபிக்கைப் பற்றி நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை, அந்தக் கெஞ்சலில் நியாயமும் இருக்கும். ஆனாலும் கதவு திறக்காது. இப்படி ஒரு கறார் இருப்பதாலேயே அந்த ஊர் நாடக ரசிகர்கள் ஆறே முக்காலுக்கே வந்துவிடுகிறார்கள். வந்தவர்களுக்குப் பசிக்கும் என்று யோசித்து அங்கே ஒரு கேன்டீன் வைத்திருக்கிறார்கள். அக்கி ரொட்டியும் ஜவ்வரிசி வடையும் அந்த ஊர்க்காரர்கள் நாடகத்தைப் பற்றிப் பேசும்போது சேர்த்தே பேசுகிற சமாச்சாரம். நேரத்துக்கு வா என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டு, சீக்கிரம் வந்தவனுக்கு உட்கார இடமும் சூடாக ஏதாவதும் கொடுக்கிறார்கள் இல்லையா, அந்த ஏற்பாடுதான் எனக்குப் பிடித்தது. நம் ஊரில் பல இடங்களில் கண்டிப்பும் கிடையாது, டீயும் கிடையாது.

அங்கே நாடக அறிவிப்பைத் திறந்தால் மொழி எது, எத்தனை நிமிடம், எந்த வயதுக்கு மேல் அனுமதி என்பதெல்லாம் இருக்கும். கன்னடம் சரியாகப் புரியாத நான் தைரியமாக டிக்கெட் எடுப்பதற்கு இந்த மூன்று தகவலும் போதும். மும்பை ஜுஹுவில் 1978 முதல் நடக்கும் பிரித்வி தியேட்டரிலும் தாமதமாக வருகிறவர்களை விடுவதில்லை. சிங்கப்பூர் எஸ்பிளனேட் அரங்கில் நவம்பர் வாக்கில் நடக்கும் கலா உத்சவம் என்ற இந்தியக் கலை விழாவுக்குப் போனவர்களுக்குத் தெரியும், நிகழ்ச்சியின் நீளம், இடைவேளை உண்டா இல்லையா, தாமதமானால் எப்போது உள்ளே விடுவார்கள் என்பதையெல்லாம் டிக்கெட் வாங்கும் முன்பே சொல்லிவிடுகிறார்கள்.

வெளியூர்ப் பெருமை பேசுகிறேன் என்று யாராவது கிளம்புவதற்குள் உள்ளூர்க் கதைக்கு வருகிறேன். பம்மல் சம்பந்த முதலியார் 1891இல் இதே சென்னையில் சுகுண விலாச சபா என்ற நாடகக் குழுவைத் தொடங்கினார். அவர் வக்கீல், பிற்பாடு நீதிபதி. அவரோடு சேர்ந்து நடித்தவர்களும் படித்து உத்தியோகம் பார்த்தவர்கள். விடிய விடிய நடந்துகொண்டிருந்த நாடகத்தை அவர்தான் சில மணி நேரத்துக்குள் அடக்கிக் காட்டினார். குறித்த நேரத்தில் தொடங்க வேண்டும் என்பதிலும் கறாரானவர். மறுநாள் காலையில் கோர்ட்டுக்கும் ஆபீஸுக்கும் போக வேண்டியவர்கள் நடித்து, அதே மாதிரி ஆட்கள் பார்த்த நாடகம் அது, வேறு எப்படி இருக்க முடியும்? ஆக, நேரம் பார்த்து நாடகம் போடுவது நமக்கு நூற்றிமுப்பது வருஷப் பழக்கம். இடையில் எங்கேயோ தொலைத்துவிட்டோம்.

தெருக்கூத்து விடிய விடிய நடக்கவில்லையா என்றால், நடக்கிறதுதான். ஆனால் கூத்து எப்போது முடியும் என்று ஊரில் எல்லாருக்கும் தெரியும். விடியும்போது முடியும். பக்கத்து ஊர்க்காரருக்கு அந்த நேரத்தில் முதல் பஸ் இருக்கும், உள்ளூர்க்காரர் பாயைச் சுருட்டிக்கொண்டு நடந்தே போய்விடுவார். நகரத்து நாடகம்தான் மனிதனை ஒன்பதரைக்கும் பத்தேகாலுக்கும் நடுவில் அந்தரத்தில் தொங்க விடுகிறது.

சபா சங்கீதம் இந்த விஷயத்தில் எவ்வளவோ தேவலை. மார்கழிக்கு மியூசிக் அகாடமி நிரலை எடுத்துப் பாருங்கள். எந்த நாள், எத்தனை மணி, பாட்டு யார், வயலின் யார், மிருதங்கம் யார், எல்லாம் முன்கூட்டியே அச்சில் வந்துவிடும். மத்தியானக் கச்சேரி முடிந்தால்தான் மாலைக் கச்சேரி, அது முடிந்தால்தான் ராத்திரிக் கச்சேரி. அடுத்த வித்வான் சுருதி சேர்த்துக்கொண்டு காத்திருக்கும்போது எவ்வளவு பெரிய வித்வானும் மங்களம் பாடியே ஆக வேண்டும். மிருதங்கக்காரர் தனியாக வாசிக்கும் தனி ஆவர்த்தனம் ஆரம்பித்தவுடன் கேன்டீன் பக்கம் நழுவுகிற கூட்டத்தைப் பற்றி எனக்கு வேறு கோபம் இருக்கிறது, அதை மார்கழியில் எழுதுகிறேன்.

நாடகத்துக்குப் பின்னால் அப்படிக் காத்திருக்க யாரும் இல்லை. அதனால்தான் பொன்னாடை உள்ளே வருகிறது. ஆறரைக்கு என்று போட்ட நாடகம் சிறப்பு விருந்தினரின் கார் வந்த பிறகு ஏழுக்குத் தொடங்கும். இடைவேளையில் மேடைக்கு மேஜையும் நாற்காலியும் வரும், ஆளாளுக்குச் சால்வை, நினைவுப் பரிசு. ஒவ்வொருவரும் 'ரெண்டே நிமிஷம்' என்று மைக்கைப் பிடிப்பார்கள். நடிகர்கள் ஒப்பனையோடு ஓரமாக நிற்பார்கள். முதல் பாதியில் கஷ்டப்பட்டு உண்டாக்கிய பதற்றமெல்லாம் அந்த அரை மணி நேரத்தில் வற்றிப்போகும். திருவான்மியூரிலிருந்து பஸ்ஸில் வந்தவர் அங்கேதான் கடிகாரத்தைப் பார்க்கிறார், இரண்டாம் பாதி பார்க்காமல் எழுந்து போகிறார். மரியாதை செய்ய வேண்டாம் என்று சொல்லவில்லை. பணம் கொடுத்தவருக்கு நன்றி சொல்லத்தான் வேண்டும். நாடகம் முடிந்த பிறகு சொல்லுங்கள். இருக்க முடிந்தவர்கள் இருந்து கைதட்டுவார்கள்.

கதவைச் சாத்துவது மேட்டிமைத்தனம், தாமதமாக வருபவர் பெரும்பாலும் பாவப்பட்டவர்தான் என்று ஒரு தோழி என்னோடு சண்டை போட்டார். எனக்கு அது சரியாகப் படவில்லை. பஸ்ஸை நம்பி வருகிறவர் ஒரு மணி நேரம் முன்னாலேயே கிளம்பிவிடுகிறார், ஏனென்றால் பஸ்ஸை நம்ப முடியாது என்று அவருக்குத் தெரியும். முதல் வரிசையில் துண்டு போட்டு இடம் பிடித்து வைக்கப்பட்டவர்தான் சாவகாசமாக, போன் வெளிச்சத்தைத் தரையில் அடித்துக்கொண்டு, நடுக்காட்சியில் நமக்கு முன்னால் நடந்து போகிறார். கதவு இருவருக்கும் ஒரே மாதிரி சாத்தினால் அதில் யாருக்கு நஷ்டம்?

நேரம் மட்டும் இல்லை, இடத்தைப் பற்றியும் சொல்ல மாட்டேன் என்கிறீர்கள். எழும்பூர் மியூசியம் தியேட்டரை எடுத்துக்கொள்வோம். 1896இல் வந்த கட்டடம், ஹென்றி இர்வின் வடிவமைத்து நம்பெருமாள் செட்டி கட்டியது. அரைவட்டமாகப் படிப்படியாக உயரும் இருக்கைகள், எங்கே உட்கார்ந்தாலும் நடிகரின் முகம் தெரியும். எனக்கு இந்த ஊரில் மிகப் பிடித்த அரங்கு அதுதான். ஆனால் முதல் முறை வருகிறவருக்கு அது அருங்காட்சியக வளாகத்துக்குள் இருக்கிறது என்பதே தெரியாது. பாந்தியன் சாலையில் இறங்கி, கன்னிமாரா நூலகத்தைப் பார்த்து, எந்தக் கேட் வழியாக உள்ளே போவது என்று இருட்டில் விசாரித்துக்கொண்டு நிற்பார். எழும்பூரில் மின்சார ரயிலும் இருக்கிறது, மெட்ரோவும் இருக்கிறது, அங்கிருந்து ஆட்டோவில் சில நிமிஷம், இந்தக் கேட் என்று அழைப்பிதழில் ஒரு வரி எழுதக் கூடாதா?

படிக்கட்டைப் பற்றியும் எழுத வேண்டும். என் அம்மாவுக்கு முட்டி வலி. இன்னொரு அரங்குக்கு, பெயர் வேண்டாம், அவரை அழைத்துப் போனேன். நாடகம் முதல் மாடியில் என்பதே அங்கே போனபின்தான் தெரிந்தது. லிஃப்ட் இருந்தது, சாவி வைத்திருந்தவர் இல்லை. அம்மா கைப்பிடியைப் பிடித்து ஏறிவிட்டார், நாடகத்தையும் ரசித்தார், அடுத்த நாடகத்துக்குக் கூப்பிட்டால் வருவதில்லை. மாடியா தரைத்தளமா, சக்கர நாற்காலி போகுமா, கழிப்பறை எந்தத் தளத்தில் இருக்கிறது என்று முன்னாலேயே சொல்லியிருந்தால் நான் அதற்கேற்ப ஏதாவது செய்திருப்பேன்.

இதை ஒரு நாடகக்குழு நண்பரிடம் சொன்னபோது, நாடகம் உயிருள்ள கலை, இன்றைக்கு ஒரு மாதிரி போகும் நாளைக்கு ஒரு மாதிரி போகும், நிமிஷக் கணக்கெல்லாம் சொல்ல முடியாது என்றார். நானும் தலையாட்டினேன். அப்புறம்தான் யோசித்தேன். அரங்கை நீங்கள் மணிக்கணக்கில்தானே வாடகைக்கு எடுக்கிறீர்கள்? எத்தனை மணிக்குள் செட்டைப் பிரித்து, விளக்கை இறக்கி, மேடையைக் காலி செய்து கொடுப்பீர்கள் என்று அரங்க மேனேஜரிடம் சொல்லித்தானே பதிவு செய்கிறீர்கள்? நேரம் தாண்டினால் கூடுதல் பணம் என்பதால் ஒத்திகையிலேயே கையில் கடிகாரத்தோடு ஒருவரை உட்கார வைக்கிறீர்கள். மேனேஜருக்குத் தெரிந்த நேரம், லைட் போடும் தம்பிக்குத் தெரிந்த நேரம், டெம்போ டிரைவருக்குக்கூடத் தெரிந்த நேரம். டிக்கெட் வாங்கியவருக்கு மட்டும் தெரியாது.

ஆகவே ஒரு முடிவு எடுத்திருக்கிறேன். முடியும் நேரம் போடாத அழைப்பிதழை இனிமேல் இந்தப் பக்கத்தில் பகிர மாட்டேன். போட்டு அனுப்பினால் யாருடைய நாடகமாக இருந்தாலும் பகிர்வேன், ஆளையும் கூட்டிக்கொண்டு வருவேன். சொந்தக்காரர்களுக்கும் இதே விதிதான். மச்சான், நீ இதைப் படிப்பாய் என்று தெரியும், உன் அடுத்த மாத அழைப்பிதழை மாற்றி அனுப்பு.