எடின்பரோவில் ராயல் மைலில் சாப்பிடாதீர்கள்

தலைப்பைப் பார்த்து ஸ்காட்லாந்துக்காரர்கள் யாரும் சண்டைக்கு வர மாட்டார்கள். அவர்களே அங்கே அவ்வளவாகச் சாப்பிடுவதில்லை. கோட்டையிலிருந்து ஹோலிரூட் அரண்மனை வரை இறங்கும் அந்தத் தெரு நடப்பதற்கு அருமை. பசியோடு மட்டும் நடக்கக் கூடாது. முதல் நாள் நான் அப்படித்தான் மாட்டினேன். வாசலில் கட்டம்போட்ட துணி தொங்கிய ஒரு கடை. சூப் ஆறிப்போயிருந்தது, ரொட்டியைக் கடிக்க முடியவில்லை, பில்லைப் பார்த்ததும் பசியே போய்விட்டது.

மறுநாள் தெற்கே பத்து நிமிடம் நடந்து பல்கலைக்கழகப் பக்கம் போனேன். மாணவர்கள் சாப்பிடும் இடம் என்பதால் விலை கட்டுக்குள் இருக்கிறது. மீன் வேண்டுமென்றால் டிராம் ஏறி லீத் துறைமுகத்துக்குப் போய்விடுங்கள்.

ஸ்காட்லாந்து உணவான ஹாகிஸ் என்றதும் முகம் சுளிக்கும் நம் ஆட்களைப் பார்த்தால் எனக்குச் சிரிப்புதான் வரும். ஆட்டு ஈரல், இதயம், நுரையீரல், கூடவே ஓட்ஸ், வெங்காயம், கொழுப்பு, மிளகு. குடல் குழம்புக்கு வரிசையில் நிற்கிறவர்களுக்கு இதில் என்ன கூச்சம்? கொத்துக்கறிக்கும் உப்புமாவுக்கும் நடுவில் ஒரு பதம், மிளகு தூக்கல். பக்கத்தில் மசித்த உருளைக்கிழங்கும் மஞ்சள் டர்னிப்பும் வைப்பார்கள். பருப்பு, பயறு போட்ட சைவ ஹாகிஸும் பல கடைகளில் உண்டு. குளிருக்கு என் ஓட்டு கல்லன் ஸ்கிங்க்குக்குத்தான்: புகைபோட்ட ஹாடக் மீனும் உருளைக்கிழங்கும் பாலில் வெந்த கெட்டி சூப்.

சிப்ஸ் கடையில் "சால்ட் அண்ட் சாஸ்?" என்று கேட்பார்கள். சரி என்று சொல்லிவிடுங்கள். வினிகர் கலந்த அந்தப் பழுப்பு சாஸ் இந்த ஊருக்கே உரியது. போட்டி ஊரான கிளாஸ்கோவின் ஆட்களிடம் அதைப் புகழ வேண்டாம்.

அப்புறம், இரவுச் சாப்பாட்டைத் தள்ளிப்போடாதீர்கள். ஒன்பது மணிக்கெல்லாம் பல இடங்களில் அடுப்பை அணைத்துவிடுகிறார்கள். பேருந்தில் காசாகக் கொடுத்தால் மீதிச் சில்லறை கிடைக்காது, கார்டைத் தட்டுவதே சுலபம். குழாய்த் தண்ணீரையே குடிக்கலாம், பாட்டில் வாங்குவது தண்டம். மழை வந்தால் தேசிய அருங்காட்சியகத்துக்குள் ஒதுங்கலாம், கட்டணமில்லை. குடை வேண்டாம், காற்று அதைத் திருப்பிப் போட்டுவிடும். ஆகஸ்டில் கலைவிழாக் கூட்டம். அறை வாடகையைப் பார்த்துவிட்டு டிக்கெட் போடுங்கள்.

ஞாயிறு, புனித வெள்ளி, கிறிஸ்துமஸ் தவிர மற்ற நாட்களில் மதியம் 1 மணிக்குக் கோட்டையில் பீரங்கி வெடிப்பார்கள், 1861இலிருந்து நடக்கும் வழக்கம். படித்துவிட்டுத்தான் போயிருந்தேன். ஆனாலும் பிரின்சஸ் தெருப் பூங்காவில் சிப்ஸ் பொட்டலத்தைப் பிரிக்கும் நேரத்தில் வெடித்ததும் பாதி மடியில், பாதி தரையில். தரையில் விழுந்ததைக் கடற்காகங்கள் பார்த்துக்கொண்டன.