பாதியை மட்டும் எடுத்துக்கொண்டார்கள்

அமெரிக்க அரசியல் பற்றி நம் நண்பர்கள் வட்டத்தில் பேச்சு வரும்போது அரசின் அதிகாரத்தை மிகவும் குறைக்க வேண்டும் என்கிற லிபர்டேரியன்களின் பெயர் அடிபட்டால், 'கோடீஸ்வரர்களுக்கு வக்காலத்து வாங்குகிற கூட்டம்' என்று அடுத்த நொடியே முடித்துவிடுகிறார்கள். கோடீஸ்வரத் தொழிலதிபர்களான கோக் சகோதரர்கள், வரிக் குறைப்பு, நாவலாசிரியை அயன் ராண்ட். அவ்வளவுதான் கதை. இந்தச் சிந்தனையோடு எனக்கும் பெரிய சண்டை உண்டு, அதைக் கீழே எழுதுகிறேன். ஆனால் இப்படி ஒரே வரியில் முடித்துவிட்டால் முக்கியமான ஒன்று கண்ணில் படாமலே போய்விடும். அரசின் கையைக் கட்டிவைக்க வேண்டும் என்று எழுதியவர்கள் வரியைப் பற்றி மட்டும் எழுதவில்லை. போலீஸ், சிறை, ராணுவம், போர் எல்லாவற்றையும் பற்றித்தான் எழுதினார்கள். அதில் வசதி படைத்தவர்களுக்கு உதவும் பாதியை அமெரிக்க அரசியல் வாரி எடுத்துக்கொண்டது. எளியவனை அதிகாரத்திடமிருந்து காப்பாற்றும் பாதியைக் கிடப்பில் போட்டது. என் ஆதங்கம் அதுதான்.

1943-இல் இருந்து தொடங்குகிறேன். அந்த ஒரே வருடத்தில் மூன்று பெண்களின் புத்தகங்கள் அமெரிக்காவில் வெளிவந்தன. ரோஸ் வைல்டர் லேன், இசபெல் பேட்டர்சன், அயன் ராண்ட். அதிபர் ரூஸ்வெல்ட்டின் நியூ டீல் என்ற பெரும் அரசுத் திட்டங்கள் பத்து வருடமாக நடந்துகொண்டிருந்தன, உலகப் போர் வேறு. அரசு எவ்வளவு பெரிதாகிறதோ அவ்வளவு நல்லது என்று படித்தவர்கள் எல்லோரும் நம்பிய காலம். இந்த மூவரும் அதற்கு நேர் எதிராக எழுதினார்கள். ராண்டுக்கு அது சொந்த அனுபவம். ரஷ்யாவின் பெட்ரோகிராடில் அவருடைய அப்பாவின் மருந்துக் கடையைப் புரட்சிக்குப் பின் ஆட்சிக்கு வந்த போல்ஷ்விக்குகள் பறிமுதல் செய்தபோது அவர் சிறுமி. அந்தக் கோபம் அவர் எழுத்தை விட்டுக் கடைசி வரை போகவில்லை. எனக்கு ராண்டின் நாவல்கள் ஒட்டவில்லை. ஏழை என்றால் இளக்காரமாகப் பார்க்கும் பார்வை அவற்றில் இருக்கிறது. அதையே இந்தச் சிந்தனையின் முகமாக உலகம் எடுத்துக்கொண்டது பெரிய துரதிர்ஷ்டம்.

லேன் வேறு மாதிரி. கனெடிகட் மாநிலத்தில் டான்பரி என்ற ஊருக்குப் பக்கத்தில் வாழ்ந்தார். 1943-இல் ஒரு வானொலி விமர்சகருக்கு சமூகப் பாதுகாப்புத் திட்டத்தைத் தாக்கி ஒரு தபால் அட்டை எழுதிப் போட்டார். அந்த அட்டை தபால் நிலையத்திலிருந்தே மத்தியப் புலனாய்வு அமைப்பான எஃப்.பி.ஐ. வரை போய்விட்டது. ஒரு நாள் அவர் வீட்டு முற்றத்தில் களை பிடுங்கிக்கொண்டிருந்தபோது மாநில போலீஸ்காரர் வந்து நின்று, இதை எழுதியது நீங்கள்தானா, இது அரசுக்கு எதிரான நாசவேலை இல்லையா என்று விசாரித்தார். ஆமாம், நான் அப்படிப்பட்டவள்தான், அதைத்தான் எழுதுகிறேன், பேசுகிறேன் என்று லேன் அங்கேயே அவரை வாங்கு வாங்கென்று வாங்கினார். நடந்ததைச் சிறு பிரசுரமாகவும் போட்டார். சமூகப் பாதுகாப்புத் திட்டம் பற்றி அவர் சொன்னதை நான் ஏற்கவில்லை. முதியவர்களுக்கு மாதாமாதம் ஒரு தொகை கிடைப்பதை யார் எதிர்த்தாலும் நான் எதிர்ப்பக்கம்தான். ஆனால் ஒரு குடிமகள் எழுதிய தபால் அட்டைக்காக போலீஸ் வீட்டு வாசலுக்கு வரக்கூடாது என்பதில் நான் லேனின் பக்கம்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும், பலருக்கு இது தெரியாது. அதே போர்க்காலத்தில் லேன் தொடர்ந்து பத்தி எழுதிவந்தது பிட்ஸ்பர்க் கூரியர் என்ற பத்திரிகையில். அமெரிக்கக் கறுப்பினத்தவர் நடத்திய, கறுப்பினத்தவர் வாசித்த வாரப் பத்திரிகை அது. நிறவெறியும் அரசின் ஆணவமும் ஒரே நோய் என்பதுதான் அவர் வாதம். அவருக்கும் நூறு வருடத்துக்கு முன்னால், 1845-இல், லைசாண்டர் ஸ்பூனர் அடிமை முறை அரசியல் சட்டத்துக்கே விரோதமானது என்று புத்தகம் எழுதினார். அதே ஸ்பூனர் அரசின் தபால் ஏகபோகத்தை எதிர்த்துத் தனியாகத் தபால் நிறுவனமும் நடத்தியவர். இன்று லிபர்டேரியன்கள் தங்கள் முன்னோடி என்று கொண்டாடும் ஆள். அடிமை ஒழிப்புதான் இந்த மரத்தின் அடிவேர்களில் ஒன்று. இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், 1964-க்கு வரும்போது தேவைப்படும்.

அப்புறம் வியன்னாவிலிருந்து வந்த பொருளாதார அறிஞர்கள். லுட்விக் ஃபான் மிஸெஸ் நாஜிகளிடமிருந்து தப்பி 1940-இல் நியூயார்க் வந்து சேர்ந்தார். அவருடைய வழியில் வந்த ஹயெக் லண்டனில் இருந்தார். ஹயெக்கின் வாதத்தில் எனக்கு மிகவும் பிடித்தது விலையைப் பற்றி 1945-இல் அவர் எழுதிய கட்டுரை. உலகில் எங்கோ ஒரு வெள்ளீயச் சுரங்கம் மூடப்படுகிறது, அல்லது வெள்ளீயத்துக்குப் புதிதாக ஒரு பயன் வந்துவிடுகிறது. எது நடந்தது என்று யாருக்கும் தெரிய வேண்டியதில்லை. விலை ஏறுகிறது, ஆயிரக்கணக்கான பட்டறைகள் தாமாகவே வெள்ளீயத்தைச் சிக்கனமாகப் பயன்படுத்தத் தொடங்குகின்றன. இந்தத் தகவல் முழுவதையும் திரட்டி ஒரு மேசையில் வைத்து உத்தரவு போட எந்த அதிகாரியாலும் முடியாது என்றார். இடதுசாரி நண்பர்கள் இதற்கு இன்றுவரை நேராகப் பதில் சொன்னதாக எனக்குத் தோன்றவில்லை.

அவருடைய 'அடிமைத்தனத்திற்கான பாதை' 1944-இல் வந்தது. அடுத்த வருடமே ரீடர்ஸ் டைஜஸ்ட் அதைச் சுருக்கி லட்சக்கணக்கான வீடுகளுக்குக் கொண்டுபோனது. வந்த வினையே அங்கேதான். முழுப் புத்தகத்தின் ஒன்பதாவது அத்தியாயத்தில், ஓரளவு செல்வம் சேர்ந்த ஒரு சமூகம் எல்லோருக்கும் குறைந்தபட்ச உணவு, உடை, உறைவிடத்தை உறுதிசெய்ய முடியும் என்கிறார் ஹயெக். நோய், விபத்து போன்றவற்றுக்கு அரசு காப்பீட்டு ஏற்பாடு செய்வதும் சுதந்திரத்துக்கு விரோதமில்லை என்று தெளிவாகவே எழுதியிருக்கிறார். இன்று அமெரிக்க நாடாளுமன்றத்தில் ஹயெக் பெயரைச் சொல்லிக்கொண்டே ஏழைகளின் மருத்துவ உதவியை வெட்டுகிறவர்களில் எத்தனை பேர் அந்த அத்தியாயத்தைத் திறந்திருப்பார்கள்?

அந்தச் சுருக்கத்தைப் படித்தவர்களில் ஆன்டனி ஃபிஷர் என்ற முன்னாள் விமானப்படை வீரரும் ஒருவர். நேராகப் போய் ஹயெக்கைப் பார்த்து, அரசியலில் இறங்கட்டுமா என்று கேட்டார். வேண்டாம், அறிவுஜீவிகளின் மனதை மாற்றுங்கள், அரசியல்வாதிகள் பின்னால் வருவார்கள் என்றார் ஹயெக். ஃபிஷர் கோழிப்பண்ணை வைத்துப் பெரும் பணம் சம்பாதித்தார். 1955-இல் லண்டனில் ஒரு ஆய்வு நிறுவனம் தொடங்கினார், பிறகு அமெரிக்காவில் மன்ஹாட்டன் இன்ஸ்டிட்யூட், அட்லஸ் என்று விரிந்தது. அமெரிக்கப் பக்கம் இதே வேலையைச் செய்தது கன்சாஸ் சிட்டியின் வோல்கர் அறக்கட்டளை. வீட்டுச் சாமான் மொத்த வியாபாரத்தில் சேர்ந்த பணம். 1947-இல் சுவிட்சர்லாந்தின் மோன் பெலரானில் ஹயெக் கூட்டிய கூட்டத்துக்கு அமெரிக்கர்களின் பயணச் செலவைக் கொடுத்தது அதுதான். சிகாகோ பல்கலைக்கழகத்தில் ஹயெக்கின் சம்பளமும் அந்த அறக்கட்டளையிலிருந்துதான் வந்தது. ஓட்டுப்பெட்டியில் ஒரு சதவீதத்தைத் தாண்டவே திணறிய ஒரு சிந்தனை வாஷிங்டனில் இவ்வளவு தூரம் போனதற்கு முப்பது வருடம் பலனை எதிர்பார்க்காமல் செய்த இந்தச் செலவு முக்கியக் காரணம். எந்தப் பாதி வேகமாகப் பரவும் என்பதையும் அதே பணம்தான் தீர்மானித்தது என்பது என் கருத்து. நன்கொடை கொடுத்தவர்களில் யார் வீட்டுப் பிள்ளை சிறையில் இருந்தான்?

இருந்தாலும் அந்த இன்னொரு பாதி ஒரே ஒரு தடவை பெரிய வெற்றி பெற்றது. அதைச் சொல்லாமல் போனால் நியாயமாகாது. வியட்நாம் போரின்போது இளைஞர்களைக் கட்டாயமாக ராணுவத்துக்கு இழுத்துக்கொண்டிருந்தார்கள். அது அந்த இளைஞன் மீது மட்டும் விதிக்கப்படும் ஒரு வரி என்றார் பொருளாதார நிபுணர் மில்டன் ஃபிரீட்மன். வெளியே சம்பாதிக்கக்கூடியதைவிடக் குறைந்த கூலிக்கு அவனைப் பிடித்து வைக்கிறீர்கள், அந்த வித்தியாசம் முழுவதையும் அவன் தலையில் கட்டுகிறீர்கள். 1969-இல், கட்டாய சேவை இல்லாத ராணுவம் பற்றி ஆராய அதிபர் நிக்சன் அமைத்த கேட்ஸ் ஆணையத்தில் ஃபிரீட்மனும் உறுப்பினர். அதன் முன் சாட்சி சொல்ல வந்தவர் வியட்நாமில் படைகளுக்குத் தலைமை தாங்கிய ஜெனரல் வெஸ்ட்மோர்லேண்ட். கூலிப்படைக்குத் தலைமை தாங்க நான் விரும்பவில்லை என்றார் ஜெனரல். அப்படியானால் அடிமைப் படைக்குத் தலைமை தாங்குவீர்களா என்று ஃபிரீட்மன் திருப்பிக் கேட்டார். இதை ஃபிரீட்மனே தன் நினைவுக் குறிப்பில் எழுதியிருக்கிறார். ஆணையம் ஒருமனதாகப் பரிந்துரைத்தது, 1973-இல் கட்டாய ராணுவ சேவை முடிவுக்கு வந்தது. போர் எதிர்ப்பு ஊர்வலங்களுக்கு அதில் பெரும்பங்கு உண்டு, மறுக்கவில்லை. ஆனால் நிக்சனின் மேசையில் இருந்த வாதம் இந்தப் பொருளாதார நிபுணர்கள் எழுதியதுதான்.

சரி, இப்போது 1964. என் சண்டையே இங்கேதான்.

அந்த ஜூன் மாதம், ஓட்டல்களிலும் வேலையிலும் இனப் பாகுபாட்டைத் தடை செய்யும் சிவில் உரிமைச் சட்டம் செனட்டில் 73-க்கு 27 என்று நிறைவேறியது. எதிர்த்து ஓட்டுப்போட்டவர்களில், அந்த வருடம் குடியரசுக் கட்சி சார்பில் அதிபர் தேர்தலில் நின்ற அரிசோனாவின் பேரி கோல்ட்வாட்டரும் ஒருவர். அவர் நிறவெறியர் இல்லை. 1957, 1960 சிவில் உரிமைச் சட்டங்களை ஆதரித்தவர். ஆனால் ஓட்டல்காரர் யாருக்குச் சாப்பாடு போட வேண்டும், முதலாளி யாரை வேலைக்கு வைக்க வேண்டும் என்று மத்திய அரசு சொல்வது அரசியல் சட்டப்படி செல்லாது என்றார். ஃபிரீட்மன் அந்தத் தேர்தலில் அவருடைய பொருளாதார ஆலோசகர். வேலையில் பாகுபாட்டைத் தடுக்கும் சட்டங்களை ஃபிரீட்மனும் 1962-இலேயே எழுத்தில் எதிர்த்திருந்தார். ஆக, கோட்பாட்டை யாரோ திரித்துவிட்டார்கள் என்று இதில் தப்பிக்க முடியாது. குறை கோட்பாட்டிலேயே இருந்தது. அதிகாரம் என்றால் இவர்களுக்கு அரசு மட்டும்தான். மிசிசிப்பியில் ஒரு கறுப்பினக் குடும்பம் காரில் போகும்போது வழியில் சாப்பிட இடமில்லை, தங்க இடமில்லை, அவசரத்துக்கு ஒதுங்கக்கூட இடமில்லை. ஓட்டல்காரர், ஷெரிஃப், ஊர்ப் பெரிய மனிதர்கள் எல்லோரும் ஒரே கை. இதில் எது தனியார், எது அரசு என்று பிரித்துப் பார்த்து அந்தக் குடும்பத்துக்கு என்ன ஆகப்போகிறது? சாதியோடு வாழ்கிற நமக்கு இதை யாரும் விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை.

நவம்பரில் கோல்ட்வாட்டர் 44 மாநிலங்களில் தோற்றார். ஜெயித்தது ஆறில். சொந்த அரிசோனாவும், லூசியானா, மிசிசிப்பி, அலபாமா, ஜார்ஜியா, தென் கரோலினாவும். மிசிசிப்பியில் மட்டும் 87 சதவீதம். அங்கே ஓட்டுப்போட்டவர்கள் ஹயெக்கைப் படித்துவிட்டா போட்டார்கள்? லேன் கறுப்பினப் பத்திரிகையில் எழுதிய 'சுதந்திரம்' இருபது வருடத்தில் வெள்ளை இனவாதிகளின் கோஷமாக மாறிவிட்டது. அந்தக் கறை இன்னும் போகவில்லை.

தத்துவத்துக்குள்ளேயே இதற்கு மருந்து இருந்தது. 1974-இல் ஹார்வர்டின் தத்துவப் பேராசிரியர் ராபர்ட் நோஸிக் எழுதிய நூலை வரி விதிப்புக்கு எதிரான வேதம் போலக் காட்டுவார்கள். சொத்து நியாயமாக வந்திருந்தால்தான் உரிமை என்பதே அவருடைய அடிப்படை. அநியாயமாக வந்திருந்தால் அதைச் சரிசெய்தாக வேண்டும், பழைய அநியாயம் பெரிதாக இருந்தால் அதற்காகத் தற்காலிகமாகப் பெரிய அரசுகூடத் தேவைப்படலாம் என்று அவரே ஒப்புக்கொள்கிறார். அடிமைகளின் உழைப்பில் சேர்ந்த சொத்துக்கு இதைப் பொருத்திப் பார்த்தால் எங்கே போய் நிற்கும்? மேற்கோள் காட்டுகிறவர்கள் அந்தப் பக்கம் வருவதே இல்லை.

1980-களின் அதிபர் ரீகன் காலம் எல்லோருக்கும் தெரிந்தது, சுருக்கமாகச் சொல்கிறேன். உச்ச வருமான வரி 70 சதவீதத்திலிருந்து 28-க்கு வந்தது. ஆனால் அரசு சுருங்கவில்லை, மத்தியக் கடன் ஏறக்குறைய மூன்று மடங்கானது. ஃபிரீட்மன் 1972-இலேயே போதைப்பொருள் தடையை எதிர்த்துப் பத்தி எழுதியவர். அவரைத் தலையில் வைத்துக் கொண்டாடிய ரீகன் அரசு 1986-இல் கிராக் கொக்கேய்ன் என்றால், தூள் கொக்கேய்னில் நூறில் ஒரு பங்கு எடை இருந்தாலே அதே கடும் தண்டனை என்ற சட்டத்தைக் கொண்டுவந்தது. சிறைக்குப் போனவர்களில் பெரும்பாலோர் கறுப்பின இளைஞர்கள். ஒரே ஆளின் எழுத்திலிருந்து வரியை எடுத்துக்கொண்டு சிறையை விட்டுவிட்டார்கள்.

அதன் பிறகு சிந்தனையாளர்களே சறுக்கினார்கள். கேட்டோ இன்ஸ்டிட்யூட் என்ற லிபர்டேரியன் ஆய்வு நிறுவனத்தைத் தொடங்கியவர்களில் ஒருவரான முர்ரே ரோத்பார்ட், போரை வாழ்நாள் முழுக்க எதிர்த்தவர், 1992-இல் ஒரு கட்டுரை எழுதினார். மேல்தட்டை எதிர்க்கும் வலதுசாரி வெகுஜன அரசியல்தான் வழி என்றார். தெருக் குற்றவாளிகள் மீது போலீஸை அவிழ்த்துவிடச் சொன்னார். அரசின் போலீஸே இல்லாத உலகைக் கனவு கண்டவர் எழுதியது அது! 2009-இல் தொழில்நுட்பக் கோடீஸ்வரர் பீட்டர் தீல் சுதந்திரமும் ஜனநாயகமும் ஒத்துப்போகும் என்று தனக்கு இனி நம்பிக்கையில்லை என்று வெளிப்படையாகவே எழுதினார். பின்னாளில் டிரம்புக்குப் பின்னால் போனவர்களுக்கு இவர்கள்தான் பாதை போட்டுக் கொடுத்தார்கள்.

எல்லோரும் போய்விடவில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். 2024 மே மாதம் லிபர்டேரியன் கட்சி மாநாட்டில் பேச வந்த டிரம்ப்பை அரங்கிலேயே கூச்சலிட்டு எதிர்த்தார்கள். அடுத்த ஏப்ரலில் அதிபராக அவர் ஏறக்குறைய உலகம் முழுவதற்கும் இறக்குமதி வரி போட்டபோது குடியரசுக் கட்சியில் பெரும்பாலோர் வாயைத் திறக்கவில்லை, இத்தனைக்கும் அலுவலக அலமாரியில் ஹயெக்கை வைத்திருப்பவர்கள். நீதிமன்றத்துக்குப் போனவர்களில் நியூயார்க்கில் ஒயின் இறக்குமதி செய்யும் ஒரு சிறு நிறுவனமும் இன்னும் நான்கு சிறு வியாபாரங்களும் உண்டு. அவர்களுக்காக வழக்கை எடுத்து நடத்தியது லிபர்ட்டி ஜஸ்டிஸ் சென்டர் என்ற லிபர்டேரியன் சட்ட அமைப்பு. நாடாளுமன்றத்தைக் கேட்காமல் தனி ஒரு மனிதர் வரி போட முடியாது என்பதுதான் வாதம். 2025 மே 28-ஆம் தேதி சர்வதேச வர்த்தக நீதிமன்றத்தின் மூன்று நீதிபதிகளும் ஒருமனதாக அதை ஏற்றுக்கொண்டார்கள். அந்த மூவரில் ஒருவர் டிரம்ப்பே நியமித்தவர்.