எங்கள் பக்கம் காற்று நன்றாகத்தான் இருக்கிறது

மகளுக்கு மூச்சிரைப்பு விடாமல் தொடர்ந்ததால் மருத்துவரிடம் அழைத்துப் போயிருந்தேன். பரிசோதித்து முடித்தவர், "நீங்கள் இருக்கும் பகுதியில் காற்று எப்படி?" என்று கேட்டார். ஒரு நொடிகூட யோசிக்காமல், "எங்கள் பக்கம் நன்றாகத்தான் இருக்கும் டாக்டர், வீட்டைச் சுற்றி மரங்கள் உண்டு" என்று சொல்லிவிட்டேன். வெளியே வந்த பிறகுதான், எதை வைத்து அப்படிச் சொன்னேன் என்று எனக்கே உறுத்தத் தொடங்கியது. நான் அளந்து பார்த்ததில்லை. அளந்தவர்களிடம் கேட்டதும் இல்லை.

அதன்பின் மகளின் வகுப்புத் தோழர்களுடைய பெற்றோர் சிலரிடம் அதே கேள்வியைக் கேட்டுப் பார்த்தேன். ஏறக்குறைய எல்லோருமே தங்கள் தெரு பரவாயில்லை என்றும், பிரதான சாலைக்கு அந்தப் பக்கம்தான் மோசம் என்றும் சொன்னார்கள். அந்தப் பக்கத்தில் குடியிருக்கும் ஒரு தாய், தொழிற்சாலைகள் இருக்கும் பகுதியைக் கை காட்டினார். தான் வாழும் இடத்தை மட்டும் ஒளிவட்டம் சூட்டிப் பார்க்கும் இந்தப் போக்கைக் காற்று மாசு குறித்த மக்களின் எண்ணங்களை ஆராய்கிறவர்கள் முன்பே கவனித்து எழுதியிருக்கிறார்கள்.

இவர்கள் அக்கறை இல்லாமல் பேசுகிறார்கள் என்று நான் நினைக்கவில்லை. குழந்தைக்காகவே பார்த்துப் பார்த்துத் தேர்ந்தெடுத்த வீடு, அதற்காக வாங்கிய கடன், நடந்தே போகும் தூரத்தில் பள்ளி என்று எல்லாம் சேர்ந்திருக்கும்போது, அந்த வீட்டின் காற்றே குழந்தையின் நுரையீரலைக் கெடுக்கிறது என்று ஒப்புக்கொள்வது, நம் முடிவே தவறு என்று ஒப்புக்கொள்வதாகிவிடுகிறது. வீடு மாற வசதியில்லாதவர்களுக்கு இது இன்னும் கடினம். மாற்ற முடியாத ஒன்றைத் தெரிந்துகொண்டு இரவில் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்வானேன் என்று ஒரு தந்தை என்னிடம் கேட்டார். அவருக்கு என்னிடம் பதில் இருக்கவில்லை.

நாம் நம்பியிருப்பது மூக்கையும் கண்ணையும்தான். இந்த விஷயத்தில் இரண்டுமே மோசமான சாட்சிகள். ஒரு நாற்றத்துக்குள் சில நிமிடங்கள் இருந்தாலே மூக்கு அதற்குப் பழகி, உணர்வதை நிறுத்திக்கொள்கிறது. அப்படியிருக்க, ஆண்டுக்கணக்கில் அங்கேயே குடியிருப்பவரின் மூக்கு என்ன சொல்லிவிடப் போகிறது? கண்ணின் நிலையும் அதுதான். சன்னல் விளிம்பைத் துணியால் துடைத்தால் ஒட்டிக்கொள்ளும் கருப்புத் தூசியைப் பார்த்து நாம் கவலைப்படுகிறோம். ஆனால் நுரையீரலின் ஆழம் வரை இறங்கி இரத்தத்திலும் கலக்கக்கூடிய பிஎம் 2.5 என்னும் நுண்துகள், தலைமுடியின் தடிமனில் ஏறத்தாழ முப்பதில் ஒரு பங்குதான். குப்பை எரியும் புகைக்குச் சண்டைக்குப் போகிற நாம், அணைக்கப்படாமல் உறுமிக்கொண்டு நிற்கும் வாகனத்தைப் பொருட்படுத்துவதில்லை.

பள்ளி விடும் நேரத்தில் வாசலில் பத்து நிமிடம் நின்று பாருங்கள். குளிர்சாதனம் நின்றுவிடக் கூடாது என்பதற்காக எஞ்சினை ஓடவிட்டபடியே கார்கள் வரிசையாக நிற்கின்றன. ஒரு சிறுவன் பையைச் சுமந்துகொண்டு இரண்டு கார்களுக்கு நடுவே புகுந்து வருகிறான். பெரியவர்களுக்கு முழங்காலுக்குக் கீழே இருக்கும் புகைபோக்கியிலிருந்து எழும் புகை அவன் முகத்துக்கு அருகிலேயே பரவுகிறது. ஓய்வில் இருக்கும் பெரியவர் நிமிடத்துக்கு 12 முதல் 20 முறை மூச்சு விடுகிறார் என்றால், கைக்குழந்தை 30 முதல் 60 முறை விடுகிறது; உடல் எடையோடு ஒப்பிட்டால் குழந்தைகள் இழுக்கும் காற்று நம்மைவிட அதிகம். காற்று கெட்டுவிட்டது என்று பயந்து காரில் அழைத்துப் போக வந்தவர்களும் அந்த வரிசையில் இருக்கிறார்கள். நானும் அதில் நின்றிருக்கிறேன்.

குழந்தையின் நெற்றியைத் தொட்டுப் பார்ப்பதோடு நாம் நிறுத்துவதில்லை, தெர்மாமீட்டரையும் எடுக்கிறோம். காற்றுக்கும் எண் உண்டு. உலகச் சுகாதார நிறுவனம் பிஎம் 2.5-க்கான ஆண்டுச் சராசரி வரம்பை 2021-இல் ஒரு கன மீட்டருக்கு 10 மைக்ரோகிராமிலிருந்து 5 ஆகக் குறைத்தது. ஆனால் எண்ணுக்குப் பக்கத்தில் போடப்படும் சொல்லை அப்படியே நம்பிவிடக் கூடாது: நுண்துகள் நாள் சராசரியாக 80 மைக்ரோகிராம் இருக்கும் காற்று, இந்தியாவின் காற்றுத் தரக் குறியீட்டில் 'மிதமானது' என்ற பிரிவில் வரும், அமெரிக்காவின் குறியீட்டில் அதே காற்று 'ஆரோக்கியத்துக்கு உகந்ததல்ல' என்ற பிரிவில் வரும். அந்தப் பிரிவுகளுக்குத் தரப்படும் நிறத்தைப் பார்த்து நிம்மதி அடையாமல் மைக்ரோகிராம் கணக்கைப் பார்ப்பதே நல்லது. அளக்கும் நிலையம் நம் தெருவிலிருந்து பல கிலோமீட்டர் தள்ளி இருக்கலாம் என்பதையும் சேர்த்துத்தான் பார்க்க வேண்டும்.

தெரிந்து என்ன ஆகப்போகிறது என்று கேட்ட அந்தத் தந்தையை நினைக்கும்போதெல்லாம் எனக்கு லண்டன் வழக்கு ஒன்று நினைவுக்கு வருகிறது. போக்குவரத்து நெரிசல் மிகுந்த சாலை ஒன்றின் அருகே வாழ்ந்த 'எல்லா அடூ-கிஸ்ஸி-டெப்ரா' (Ella) என்ற ஒன்பது வயதுச் சிறுமி, கடுமையான ஆஸ்துமாவால் மூன்றாண்டுகளுக்குள் முப்பது முறைக்கு அருகில் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டு, 2013 பிப்ரவரியில் இறந்தாள். அந்த மரணத்துக்குக் காற்று மாசும் ஒரு காரணம் என்று 2020 டிசம்பரில் மரண விசாரணை அதிகாரி தீர்ப்பளித்தார். காற்று மாசு ஆஸ்துமாவை மோசமாக்கும் என்ற தகவல் தாயிடம் சொல்லப்படவே இல்லை என்றும், சொல்லப்பட்டிருந்தால் மகளைக் காப்பாற்றியிருக்கக்கூடிய நடவடிக்கைகளை அவர் எடுத்திருப்பார் என்றும் அந்த அதிகாரி பதிவு செய்தார். ஏழாண்டுகள் போராடி இந்த ஒரு வரியைப் பெற்றவர் அந்தத் தாய். அதைப் படித்த பிறகு, தெரியாமல் இருப்பதே நிம்மதி என்ற வாதத்தை என்னால் ஏற்க முடியவில்லை.

தெற்குக் கலிபோர்னியாவில் 1990-களிலிருந்து பள்ளிப் பிள்ளைகளின் நுரையீரல் வளர்ச்சியை அளந்து வந்த ஆய்வாளர்கள், மாசு குறைந்த ஆண்டுகளில் வளர்ந்த பிள்ளைகளின் நுரையீரல் முந்தைய பிள்ளைகளைவிட நன்றாக வளர்ந்திருப்பதை 2015-இல் வெளியிட்டார்கள். அந்த மாற்றம் எந்தத் தாயும் சன்னலைச் சாத்தியதால் வந்ததல்ல. வாகனங்களுக்கும் எரிபொருளுக்கும் அரசு கடுமையான விதிகளைக் கொண்டுவந்ததால் காற்றே சுத்தமானது. தங்கள் தெருவில் குறையே இல்லை என்று நம்புகிறவர்கள் அப்படிப்பட்ட விதிகளைக் கேட்டு மனு எழுதப்போவதில்லை.

சென்ற வாரம் மறுபரிசோதனைக்குப் போனபோது, முதலில் சொன்ன பதில் தவறு என்று மருத்துவரிடம் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. குழந்தை தூங்கும் அறையின் சன்னல் எந்தப் பக்கம் திறக்கிறது என்று மட்டும் கேட்டார். சாலைப் பக்கம் என்றேன். எழுதிக்கொண்டார்.