படுக்கையில் கிடக்கிறவரைப் பார்ப்பதும் படிப்புத்தான்

ஓ.எல். (சாதாரண தரப் பரீட்சை) பெறுபேறு வந்த கையோடு எங்கள் பக்கத்து வீடுகளில் கதை இரண்டாகப் பிரிந்துவிடும். கணிதம் பாஸ் என்றால் ஏ.எல்லுக்கு (உயர்தரத்துக்கு) எந்தப் பிரிவு, எந்த ரியூசன் என்று ஓடுவார்கள். கணிதம் போய்விட்டதென்றால், "சரி, ஏதாவது கோர்ஸில விடுவம்." சுகாதாரமும் சமூகப் பராமரிப்பும் என்ற பாடத்தையும் சனம் அந்த "ஏதாவது கோர்ஸ்" கணக்கில்தான் வைத்திருக்கிறது. எனக்கு இது மனதைச் சுடுகிற விஷயம்.

தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். இலங்கையில் 13 வருடக் கல்வித் திட்டம் 2017இல் தொடங்கியது. ஓ.எல்லில் என்ன பெறுபேறு வந்தாலும் பிள்ளை உயர்தரத்தின் தொழிற்பாடப் பிரிவில் சேரலாம். தரம் 12இல் எல்லோருக்கும் பொதுப் பாடங்கள். அதன்பின் தெரிந்தெடுத்த தொழிற்பாடமும் நேரடிப் பயிற்சியும். என்.வி.கியூ. எனும் தேசிய தொழிற்தகைமையில் 4ஆம் மட்டம் வரை போகலாம். சுகாதாரமும் சமூகப் பராமரிப்பும் அந்தப் பாடங்களில் ஒன்று. எல்லாப் பாடசாலைகளிலும் இந்தப் பிரிவு இல்லை.

"வயதுபோனவரைக் குளிப்பாட்டிச் சாப்பாடு தீத்துறதுக்கு என்ன படிப்பு?" என்று கேட்கிறவர்கள், பாரிசவாதம் (பக்கவாதம்) வந்த ஒருவருக்கு ஒருநாள் சட்டை மாற்றிப் பார்க்கட்டும். என் பெரியம்மாவுக்குப் பாரிசவாதத்தில் இடப்பக்கம் வழங்காமல் போனபோது முதலில் உதவிக்கு வந்தவர் நல்ல மனிசி. ஆனால் பயிற்சி இல்லை. கையைப் பிடித்து இழுத்துத் தூக்குவார். படுக்க வைத்துக்கொண்டே கஞ்சி கொடுப்பார், பெரியம்மாவுக்குப் புரையேறும். கொஞ்ச நாளில் முதுகின் அடியில் படுக்கைப் புண் வந்துவிட்டது. அவரைக் குறை சொல்ல முடியாது, அவருக்கு யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை.

அப்புறம் வந்த பிள்ளை பராமரிப்புப் பயிற்சி முடித்தவள். சட்டை போடும்போது வழங்காத கையை முதலில் நுழைத்தாள். கழற்றும்போது நல்ல கையிலிருந்து தொடங்கினாள். இரண்டு மணித்தியாலத்துக்கு ஒருமுறை பக்கம் மாற்றினாள். இழுக்காமல், கீழே விரித்த துணியோடு சேர்த்துத் திருப்பினாள். நிமிர்த்தி இருத்தி, முகவாயைக் கொஞ்சம் தாழ்த்தி, சின்னக் கரண்டியால் கொடுத்து, ஒரு வாயை விழுங்கிய பிறகே அடுத்த வாய். சாப்பிட்டு முடிந்தாலும் உடனே படுக்க விடமாட்டாள். பெரியம்மாவுக்குச் சீனி வருத்தமும் இருந்ததால் கால்விரல் இடுக்குகளை ஒவ்வொன்றாக ஈரம் ஒற்றித் துடைத்து, குதிக்காலில் சிவப்பு இருக்கிறதா என்று குனிந்து பார்ப்பாள். உடம்பு துடைக்கும்போது துடைக்கிற இடத்தை மட்டும் திறந்து, மற்றதைப் போர்த்தியே வைத்திருப்பாள். "அம்மா, இப்ப திருப்பப் போறன், சரியோ?" என்று கேட்டுத்தான் கை வைப்பாள். பெரியம்மாவால் சரியாகப் பேச முடியாது. ஆனாலும் கேட்பாள்.

இவ்வளவும் தெரிந்த ஒரு பிள்ளையைத்தான் "படிப்பு வராதவள்" என்கிறோம்.

இந்தத் தேவை எங்கள் பகுதியில் எவ்வளவு என்பதை விளக்கவே வேண்டாம். 2012 சனத்தொகைக் கணக்கெடுப்பிலேயே நாட்டில் நூற்றுக்குப் பன்னிரண்டு பேருக்கு மேல் 60 வயதைத் தாண்டியவர்கள். யாழ்ப்பாணத்தில் பிள்ளைகள் கனடா, லண்டன் என்று போய்விட்ட வீடுகள் தெருவுக்குத் தெரு இருக்கின்றன. காசு வருகிறது, வீடியோ கோலில் முகம் தெரிகிறது. இரவு இரண்டு மணிக்கு பாத்ரூமுக்குக் கூட்டிக்கொண்டு போக ஆள் இல்லை. "நல்ல ஆள் ஒன்று கிடைக்குமோ" என்று போன் எடுக்கிறவர்கள், தங்கள் சொந்தக்காரப் பிள்ளை இதைப் படிக்கப் போகிறாள் என்றால் மட்டும் முகத்தைச் சுளிக்கிறார்கள். இதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

பெற்றோருக்கு ஒன்று ஒளிக்காமல் சொல்ல வேண்டும். இந்தப் பாடம் படித்தால் நேர்ஸ் ஆகலாம் என்று யாராவது சொன்னால் நம்பிவிடாதீர்கள். அரச தாதியர் பயிற்சிக்கு வழக்கமாக ஏ.எல். விஞ்ஞானப் பிரிவிலிருந்துதான் எடுக்கிறார்கள். இது பராமரிப்பாளருக்கான பாதை. ஜப்பான், இஸ்ரேல் போன்ற நாடுகள் இங்கிருந்து பராமரிப்பாளர்களை எடுக்கின்றன. ஜப்பானுக்கென்றால் மொழிப் பரீட்சையும் பராமரிப்புத் திறன் பரீட்சையும் பாஸ் பண்ண வேண்டும். வெளிநாடு போவது அவரவர் விருப்பம். ஆனால் உள்ளூரில் இந்த வேலைக்கு மரியாதையான சம்பளமும், ஓய்வு நாளும், எழுத்தில் ஒப்பந்தமும் இல்லாவிட்டால் படித்த பிள்ளை ஏன் இங்கே நிற்க வேண்டும்? இரவு பகல் நிற்க வைத்துவிட்டு வீட்டு வேலையையும் சேர்த்துக் கட்டுகிறோம். அந்தப் பழக்கம் முதலில் போகவேண்டும். முதியோர் இல்லங்களிலும் தகைமை பெற்றவர்களுக்கென்று நிரந்தரப் பதவிகள் வேண்டும்.

ஆண்பிள்ளைகளும் இதற்கு வரவேண்டும். படுக்கையில் இருக்கிற ஒரு தாத்தாவைத் தூக்கி இருத்த, குளிப்பாட்ட, ஆண் பராமரிப்பாளர் தேடி அலைகிற குடும்பங்களுக்கு இதன் அருமை தெரியும். கூச்சத்தில் தன் மகள் கையால்கூடக் கழுவிக்கொள்ள விரும்பாத ஐயாமார் எத்தனை பேர்.

இந்த முறை பிள்ளையைச் சேர்க்க யோசிக்கிறவர்கள் அதிபரிடம் மூன்று விஷயம் கேளுங்கள்: இந்தப் பாடத்துக்கு ஆசிரியர் இப்போது இருக்கிறாரா, நேரடிப் பயிற்சிக்கு எந்த ஆஸ்பத்திரிக்கு அல்லது இல்லத்துக்கு அனுப்புகிறார்கள், போன முறை படித்தவர்களுக்கு என்.வி.கியூ. சான்றிதழ் கைக்கு வந்துவிட்டதா. மூன்றுக்கும் தெளிவான பதில் வந்தால் தயங்காமல் சேருங்கள். வராவிட்டால் வலயக் கல்வி அலுவலகத்தில் போய்க் கேளுங்கள். அதற்குக் கூட வர நான் தயார், இன்பொக்ஸில் எழுதுங்கள்.